ஏறி ஓட்டும் புல்வெட்டும் இயந்திரத்தின் வரலாறு

ஏறி ஓட்டும் புல்வெட்டும் இயந்திரம் என்பது, இயக்குபவர் இருக்கையில் அமர்ந்து ஓட்டியபடியே புல்தரையை ஒரே உயரத்தில் வெட்ட உதவும் சிறு ஊர்தி ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் பெரிய முற்றம் கொண்ட வீடுகளில் இது பரவலாகப் பயன்படுகிறது. 1830-இல் இங்கிலாந்தில் தோன்றிய கையால் தள்ளும் கருவியே இதன் மூதாதை. குதிரை, நீராவி, பெட்ரோல், மின்கலம் என இதை இயக்கும் ஆற்றல் மாறிக்கொண்டே வந்தது. அரண்மனைத் தோட்டங்களிலிருந்து குழிப்பந்தாட்டத் திடல்களுக்கும், அங்கிருந்து நடுத்தர வர்க்க வீடுகளுக்கும் இது நகர்ந்தது. எந்த வண்டியை நம்பி வாங்கலாம் என்று இன்று ஒரு வீட்டுக்காரர் கேட்கும் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இந்த வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

இயந்திரத்துக்கு முன்

வெட்டிச் சமன் செய்த புல்தரை என்பது, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சு, இங்கிலாந்து நாட்டுச் செல்வந்தர்களின் மாளிகைகளோடு வளர்ந்த வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்று அறியப்பட்ட லான்சலட் பிரவுன் (1716–1783) பிளென்ஹைம் போன்ற பெரும் மாளிகைகளைச் சுற்றி விரிந்த புல்வெளிகளை வடிவமைத்தார். அந்தப் புல்லை இரண்டு வழிகளில் கட்டுக்குள் வைத்தனர். தொலைவில் இருந்த வெளியை ஆடுமாடுகள் மேய்ந்தன. வீட்டை ஒட்டிய தரையை நீண்ட பிடியுள்ள அரிவாள்களால் ஆட்கள் வெட்டினர்.

அரிவாளால் சீராக வெட்டுவது தேர்ந்த கைவினை. பனி ஈரம் காயும் முன்பே புல் நன்றாக அறுபடும் என்பதால் வேலை விடியற்காலையில் தொடங்கும். அதன்பின் வெட்டிய புல்லைப் பெருக்கி அள்ள வேறு ஆட்கள் வேண்டும். அதனால் சீரான புல்தரை என்பது, இவ்வளவு பேருக்குக் கூலி கொடுக்க முடிந்தவரின் அடையாளமாக இருந்தது. பயிர் விளையாத நிலத்தை அழகுக்காக மட்டும் வைத்திருப்பது செல்வத்தின் வெளிப்பாடாகக் கருதப்பட்டது.

துணி ஆலையிலிருந்து தோட்டத்துக்கு

எட்வின் பியர்டு பட்டிங் (1796–1846) இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் ஸ்ட்ரவுட் நகரை ஒட்டி வாழ்ந்த இயந்திரப் பொறியாளர். அப்பகுதி கம்பளித் துணி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. நெய்த துணியின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் இழைகளைச் சமமாகக் கத்தரிக்க, உருளையில் பொருத்திய கத்திகள் கொண்ட இயந்திரங்கள் அந்த ஆலைகளில் இருந்தன. துணியின் இழைக்குப் பதில் புல்லை வைத்தால் என்ன என்பதே பட்டிங்கின் எண்ணம். 1830 ஆகஸ்ட் 31 அன்று அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

அவரது கருவியில், பின்னால் இருக்கும் கனமான உருளை தரையில் உருளும்போது பற்சக்கரங்கள் வழியாகக் கத்தி உருளை வேகமாகச் சுழலும். புல், சுழலும் கத்திக்கும் அடியில் அசையாமல் நிற்கும் தட்டைக் கத்திக்கும் இடையில் சிக்கி, கத்தரிக்கோலில் வெட்டுப்படுவதுபோல் அறுபடும். வெட்டு அகலம் 19 அங்குலம். ஜான் ஃபெராபீ என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, த்ரப் என்ற ஊரில் இருந்த அவருடைய வார்ப்பாலையில் பட்டிங் இதைத் தயாரித்தார். முதல் கருவிகளுள் ஒன்று இலண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிச்சாலைத் தோட்டத்துக்குச் சென்றது. 1832 முதல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியது.

அரிவாளுக்கு ஈரம் வேண்டும். இந்தக் கருவியோ காய்ந்த புல்லையும் வெட்டியது. ஆகவே விடியலில் எழ வேண்டிய தேவை நீங்கியது. ஆனால் இரும்பாலான அது மிகக் கனமானது. பெரும்பாலும் ஒருவர் தள்ள, மற்றொருவர் முன்னாலிருந்து இழுக்க வேண்டியிருந்தது.

குதிரை, நீராவி, பெட்ரோல்

பெரிய வெளிகளுக்கு மனித வலிமை போதவில்லை. 1840-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் நகரைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷாங்க்ஸ், மட்டக்குதிரை இழுக்கும் பெரிய கருவியை உருவாக்கினார். குதிரையின் குளம்பு புல்தரையில் பள்ளம் விழச் செய்யும் என்பதால் அதற்குத் தோல் காலணிகள் மாட்டிவிடப்பட்டன. 1859-இல் லீட்ஸ் நகரின் தாமஸ் கிரீன் நிறுவனம், பற்சக்கரத்துக்குப் பதில் சங்கிலியால் இயங்கும் கருவியைக் கொண்டுவந்தது. ஓசை குறைவு என்பதால் 'அமைதியாக அறுப்பவர்' என்று பொருள்படும் இலத்தீன் பெயர் அதற்கு இடப்பட்டது.

அமெரிக்காவில் 1868-இல் அமரையா ஹில்ஸ் உருளைக் கத்திக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1870-இல் இண்டியானா மாநிலத்தின் எல்வுட் மக்குவயர் எடை குறைந்த, எளிய அமைப்புள்ள கருவியை வடிவமைத்தார். 1899-இல் ஆப்பிரிக்க அமெரிக்கரான ஜான் ஆல்பர்ட் பர், சக்கரங்களில் புல் சிக்கி அடைத்துக்கொள்ளாத மேம்பட்ட வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். சுவரை ஒட்டியும் வெட்டும் வசதி அதில் இருந்தது.

1893-இல் லங்காஷயரின் லேலண்டு ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர், நீராவியால் இயங்கும் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். எடை அதிகம்; கொதிகலன் சூடாகும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஆகவே அது நிலைக்கவில்லை. 1902-இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் இயந்திரம் பொருத்திய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய திடல்களுக்கான இத்தகைய வண்டிகளில் இயக்குபவர் அமர்ந்து செல்ல இருக்கை அமைந்தது. ஏறி ஓட்டும் வகையின் வரலாறு உண்மையில் இங்கிருந்து தொடங்குகிறது.

1921-இல் பர்மிங்ஹாமிலிருந்து வெளிவந்த 'அட்கோ' பெட்ரோல் புல்வெட்டிகள் இன்னொரு வழக்கத்தை நிறுவின. தயாரிப்பாளரே பல ஊர்களில் பழுதுபார்ப்பு நிலையங்களை நடத்தினார். இயந்திரத்தை விற்பதோடு வேலை முடிவதில்லை, அதை ஓடவைக்கவும் ஆள் வேண்டும் என்ற பாடம் அப்போதே கற்கப்பட்டது.

அமெரிக்காவில் முதல் பெரிய வாடிக்கையாளர்கள் குழிப்பந்தாட்டத் திடல்கள். குதிரை இழுத்த புல்வெட்டிகளுக்குப் பதிலாக, சிறு டிராக்டர் ஒன்றின் பின்னால் பல உருளை வெட்டிகளைக் கோத்து இழுக்கும் முறை முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் பரவியது. 1914-இல் மினியாப்பொலிஸ் நகரில் டிராக்டர் இயந்திரங்கள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட டோரோ நிறுவனம், இந்தத் தேவையின் வழியாகவே புல்வெட்டித் தொழிலுக்கு வந்தது. தென் அமெரிக்க ஐக்கிய மாநிலங்களின் திடல்களிலும் வீட்டு முற்றங்களிலும் பெர்முடா புல் என்ற பெயரில் வளர்க்கப்படுவது நம் ஊர் அறுகம்புல்லே என்பது குறிப்பிடத்தக்கது.

உருளையிலிருந்து சுழல் கத்திக்கு

உருளைக் கத்தி மிக அழகாக வெட்டும். ஆனால் உயர்ந்து வளர்ந்த புல்லிலும் மேடுபள்ளத்திலும் திணறும். அடிக்கடி சாணை பிடிக்கவும் வேண்டும். இதற்கு மாற்றாக வந்தது, தரைக்கு இணையாக விசிறிபோல் சுழலும் ஒற்றைக் கத்தி. இது கத்தரிப்பதில்லை, வேகத்தால் அடித்து அறுக்கிறது. ஆகவே எடை குறைந்த, வேகமாகச் சுழலும் இயந்திரம் கிடைக்கும்வரை இந்த முறை பரவவில்லை.

1930-களில் இங்கிலாந்தில் 'ரோட்டோசைத்' என்ற சுழல் கத்திக் கருவி விற்பனைக்கு வந்தது. 1952-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன், தம் வீட்டிலேயே ஒரு கருவியை உருவாக்கினார். அதன் எரிபொருள் கலன், காலியான பீச் பழத் தகரடப்பா. 'விக்டா' என்ற பெயரில் அது ஆஸ்திரேலியாவெங்கும் பரவியது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் இந்த இயந்திரங்கள் இடம்பெற்றன. அமெரிக்காவில் 1953-இல் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் எடை குறைந்த அலுமினிய இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. இதனால் விலை குறைந்தது. இன்று வீடுகளில் உள்ள ஏறி ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலானவை சுழல் கத்தி வகையே. கத்திகளை மூடியிருக்கும் தட்டையான உலோகக் கூட்டை 'டெக்' என்பர்.

புறநகர் வீடும் புல்தரையும்

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு, 1944-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் அமெரிக்க அரசு வீட்டுக் கடன் உத்தரவாதம் அளித்தது. நகரங்களைச் சுற்றி வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. நியூயார்க் அருகே லாங் தீவில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அங்கே 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. ஒவ்வொரு வீட்டின் முன்னும் வேலியில்லாத புல்தரை இருந்தது. புல்லை ஒழுங்காக வெட்டிவைப்பது குடியிருப்பின் விதிகளுள் ஒன்று. ஒருகாலத்தில் கூலியாட்களை வைத்திருந்தவரின் பெருமையாக இருந்த புல்தரை, வாரந்தோறும் வீட்டுக்காரரே செய்யவேண்டிய கடமையாக மாறியது. பல ஊர்களில் புல் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வளர்ந்தால் தண்டம் விதிக்கும் விதிகள் இன்றும் உண்டு.

லெவிட்டவுன் மனைகள் சிறியவை. தள்ளும் கருவியே போதும். பின்னர் நகரிலிருந்து இன்னும் விலகி, அரை ஏக்கர், ஓர் ஏக்கர் மனைகளில் வீடுகள் வந்தபோதுதான் ஏறி ஓட்டும் வண்டியின் தேவை எழுந்தது. கணக்கு எளியது. ஓர் ஏக்கர், அதாவது 100 சென்ட், 43,560 சதுர அடி. 21 அங்குல அகலமுள்ள தள்ளும் கருவியால் அதை வெட்ட ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 42 அங்குல டெக் உள்ள வண்டியில் அது பாதியாகக் குறையும். அந்தத் தொலைவையும் உட்கார்ந்தபடியே கடக்கலாம்.

தோட்ட டிராக்டர்களின் காலம்

உழவுக் கருவி நிறுவனங்கள் இந்தச் சந்தையைக் கண்டுகொண்டன. இண்டியானாவின் சவுத் பெண்டு நகரில் 1946-இல் தொடங்கிய வீல் ஹார்ஸ் நிறுவனம் சிறு தோட்ட டிராக்டர்களால் பெயர் பெற்றது. 1961-இல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 'கப் கேடட்' வண்டியைக் கொண்டுவந்தது. 1963-இல் ஜான் டீர் நிறுவனம் விஸ்கான்சின் மாநிலத்தின் ஹொரிக்கான் ஆலையில் '110' என்ற வண்டியை வெளியிட்டது. இவ்விரண்டிலும் கோலர் நிறுவனத்தின் 7 குதிரைத்திறன் இயந்திரம் இருந்தது.

வார்ப்பிரும்பு இயந்திரமும் தடித்த இரும்புச் சட்டமும் கொண்ட இவ்வண்டிகள் புல் வெட்டுவதோடு நில்லாமல் பனி தள்ளவும் சிறு கலப்பை இழுக்கவும் உதவின. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடும் வண்டிகளை இன்றும் காணலாம். அதற்குக் காரணம் பழுதே வராமை அன்று. எந்தப் பகுதியையும் கழற்றி, புதுப்பித்து, மீண்டும் பொருத்த முடிந்த அமைப்புதான்.

1994-இல் இந்த உறுதிக்கு எதிர்பாராத சோதனை ஒன்று நிகழ்ந்தது. அயோவா மாநிலத்தின் லாரன்ஸ் ஊரைச் சேர்ந்த 73 வயதான ஆல்வின் ஸ்ட்ரெய்ட், நோயுற்ற தம் அண்ணனைக் காண விரும்பினார். பார்வைக் குறைவால் அவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. புல்வெட்டும் வண்டிக்கு உரிமம் வேண்டியதில்லை. 1966-ஆம் ஆண்டு ஜான் டீர் வண்டியின் பின்னால் ஒரு சிறு இழுவண்டியைக் கட்டிக்கொண்டு, மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் விஸ்கான்சினுக்குப் புறப்பட்டார். வழியில் பழுதுகள் நேர்ந்தன. ஆங்காங்கே சரிசெய்துகொண்டு, ஏறத்தாழ 240 மைல் தொலைவை ஆறு வாரங்களில் கடந்தார். இந்நிகழ்வை டேவிட் லிஞ்ச் 1999-இல் திரைப்படமாக்கினார்.

நின்ற இடத்தில் திரும்பும் வண்டி

டிராக்டர் வடிவ வண்டியில் சுக்கான் முன் சக்கரங்களைத் திருப்பும். ஆகவே மரத்தைச் சுற்றி வெட்டும்போது வெட்டாத புல் மிஞ்சும். இதற்குத் தீர்வாக 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் மிசௌரி, கன்சாஸ் மாநிலங்களில் புதிய வடிவங்கள் உருவாயின. கன்சாஸின் ஜான் ரீகியர் உருவாக்கிய வண்டி இவற்றுள் புகழ்பெற்றது. இவ்வகை வண்டியில் இரு பின் சக்கரங்களும் தனித்தனியே இயங்கும். ஒன்றை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் சுழற்றினால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். முன்பு தொழில்முறைத் தோட்டப் பணியாளர்களிடம் மட்டும் இருந்த இந்த வகை, இப்போது வீடுகளுக்கும் வந்துவிட்டது. வேகமாக வெட்டும், ஆனால் ஈரமான சரிவில் பிடிமானம் இழந்து வழுக்கும் ஆபத்து இதில் கூடுதல்.

பெயரும் தயாரிப்பாளரும்

1980-களுக்குப் பிறகு தொழில் சில கைகளில் குவிந்தது. 1981-இல் கப் கேடட், எம்டிடி நிறுவனத்துக்குச் சென்றது. 1986-இல் வீல் ஹார்ஸை டோரோ வாங்கியது. 2021-இல் எம்டிடி நிறுவனமே ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கரின் கைக்கு வந்தது. சியர்ஸ் கடைகளில் 'கிராஃப்ட்ஸ்மன்' என்ற பெயரில் விற்ற வண்டிகளைச் சியர்ஸ் தானே செய்யவில்லை. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஆலைகள் செய்து கொடுத்தன. ஆகவே மூடியில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, வண்டியைச் செய்தவர் வேறொருவர், இயந்திரம் மூன்றாமவருடையது என்ற நிலை ஏற்பட்டது. ஒரே பெயரில் பெருங்கடையில் மலிவான வரிசையும், முகவரிடம் உறுதியான வரிசையும் விற்கப்படலாயின. அப்பா வாங்கிய அதே பெயரை மகன் வாங்கினாலும் அதே வண்டி கிடைப்பதில்லை.

குதிரைத்திறன் எண்ணும் இத்தகைய சிக்கலுக்கு உள்ளானது. இயந்திரம் வண்டியில் பொருத்தப்பட்ட பின் தரும் உண்மையான திறனைவிடக் கூடுதலான எண்ணை அச்சிட்டு விற்றதாகப் பல நிறுவனங்கள்மீது நுகர்வோர் வழக்குத் தொடுத்தனர். விஸ்கான்சின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்ட அவ்வழக்கு 2010-இல் உடன்பாட்டில் முடிந்தது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. எனினும் பணம் திருப்பித் தரவும் உத்தரவாதக் காலத்தை நீட்டிக்கவும் ஒப்புக்கொண்டன.

பாதுகாப்பு

சுழல் கத்தியின் முனை வேகத்துக்கு அமெரிக்கத் தர விதிகள் வகுத்த உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. அதாவது மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தெறிக்கும் கூழாங்கல்லும் கொடுங்காயம் விளைவிக்கும். 1982 முதல், தள்ளும் கருவிகளில் கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும் என்பது அமெரிக்காவில் கட்டாய விதி. ஏறி ஓட்டும் வண்டிகளுக்குத் தொழில்துறையின் தன்விருப்பத் தரங்கள் உள்ளன. ஓட்டுபவர் இருக்கையிலிருந்து எழுந்தால் கத்தி நிற்பதும், பின்னோக்கிச் செல்லும்போது கத்தி தானாக அணைவதும் இவற்றால் வந்த ஏற்பாடுகள்.

உயிரிழப்புகளில் பெரும்பங்கு வண்டி சரிவில் கவிழ்வதால் நேர்கிறது. பின்னோக்கி ஓட்டும்போது குழந்தைகள் அடிபடுவது மற்றொரு துயரம். 16 வயதுக்குட்பட்டோர் இவ்வண்டியை ஓட்டக்கூடாது என்றும், குழந்தைகளை மடியில் வைத்து ஓட்டக்கூடாது என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது.

மின்கல வண்டிகள்

மின்கல வண்டி புதிய கண்டுபிடிப்பு அன்று. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969-இல் 'எலெக்-டிராக்' என்ற தோட்ட டிராக்டரை வெளியிட்டது. ஈய-அமில மின்கலங்களால் அது இயங்கியது. 1970-களின் நடுப்பகுதிக்குள் தயாரிப்பு நின்றுபோனது. லித்தியம் மின்கலங்களின் வருகையால் அந்த எண்ணம் மீண்டும் உயிர்பெற்றுள்ளது. காற்று மாசைக் குறைக்க, புதிய சிறு பெட்ரோல் இயந்திரங்களின் விற்பனையை 2024-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நிறுத்தும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2021-இல் இயற்றியது.

நம்பகமான வண்டிக்கு அளவுகோல்கள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, வீட்டுக்கு வண்டி தேர்வோர் கவனிக்கும் அளவுகோல்களைத் தொகுக்கலாம்.

நிலம்: அரை ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் தள்ளும் கருவியே பெரும்பாலும் போதும். ஓர் ஏக்கர் அளவுக்கு 42 அங்குல டெக் வழக்கமானது. வாயிற்கதவின் அகலம், மரங்களின் இடைவெளி ஆகியவற்றையும் அளக்க வேண்டும். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் இவ்வண்டிகளை ஓட்டக்கூடாது.

ஆற்றல் கடத்தும் பெட்டி: மலிவான வண்டிகள் முதலில் தளர்வது பெரும்பாலும் இங்கேதான். நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பெட்டிகளில், எண்ணெய் மாற்ற வழியின்றி மூடப்பட்டவை சமதரைக்கு ஏற்றவை. சரிவிலும் பாரம் இழுக்கும்போதும் அவை சூடாகித் திறன் இழக்கும். எண்ணெய் மாற்றக்கூடிய கனரகப் பெட்டிக்கு விலை கூடுதல், ஆயுளும் கூடுதல்.

டெக்கும் அச்சும்: மெல்லிய தகட்டை அழுத்தி வார்த்த டெக்கை விட, தடித்த தகடுகளைப் பற்றவைத்த டெக் நீண்டகாலம் உழைக்கும். முன் அச்சு வார்ப்பிரும்பா, மடித்த தகடா என்பதைக் குனிந்து பார்த்தே அறியலாம்.

இயந்திரம்: குதிரைத்திறன் எண் ஒன்றே தரத்தைக் காட்டாது. அழுத்தத்தோடு எண்ணெய் செலுத்தும் முறையும் எண்ணெய் வடிகட்டியும் உள்ளனவா, தேய்ந்தால் மாற்றுவதற்கு உதிரிபாகம் கிடைக்குமா என்பவை முதன்மையானவை.

பராமரிப்பு: எண்ணெயைக் காலத்தில் மாற்றுதல், காற்று வடிகட்டியைத் தூய்மை செய்தல், கத்தியைச் சாணை பிடித்தல், டெக்கின் அடியில் ஒட்டும் ஈரப்புல்லைச் சுரண்டுதல் ஆகிய நான்கும் வண்டியின் ஆயுளை நிர்ணயிக்கின்றன. எத்தனால் கலந்த பெட்ரோலைக் குளிர்காலம் முழுவதும் கலனில் விட்டுவைத்தால் கார்புரேட்டரில் பிசின் படிந்து, வசந்தத்தில் வண்டி கிளம்பாது.

அருகில் ஆள்: பழுதுபார்க்கும் முகவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார், பத்தாண்டுக்கு முந்தைய வண்டிக்கு அவர் பாகம் தருகிறாரா என்று கேட்டறிவது, விலைப்பட்டியலை ஒப்பிடுவதைவிடப் பயன் தரும். நீண்டகாலம் உழைத்த பழைய தோட்ட டிராக்டர்கள் அனைத்துக்கும் பொதுவாக இருந்தவை கழற்றிப் பூட்டத்தக்க அமைப்பும், அதைச் செய்யத் தெரிந்த ஒரு கையும்தான்.